பதினோரு நிமிஷத்து ஒப்பாரி

கல்யாணத் தரகர் ஆவுடையப்பன் வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஐந்தே காலுக்குச் செத்து, ஐந்து இருபத்தாறுக்கு எழுந்து உட்கார்ந்து, தாடையில் சுற்றிய நாடிக்கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, "சீனி கம்மியா ஒரு டீ சொல்லுங்கப்பா" என்றார். அந்தப் பதினோரு நிமிஷத்துக்குள் வெம்பூரணி மில் தெருவில் அவருக்கு நடக்க வேண்டியதெல்லாம் முறைப்படி நடந்தது. நெற்றியில் ஒரு ரூபாய் ஒட்டினார்கள், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள், கோடித் துணி போர்த்தினார்கள், கொட்டு அடித்தார்கள், தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிற மாரிக்கனி தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி சொல்லி அழுதாள், அத்தனையையும் ஒரு கேமரா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. சினிமாவுக்காகச் செத்தவரை மறுபடி உயிரோடு வீட்டுக்கு அனுப்ப என்னென்ன செய்யணுமோ அதில் ஒன்றே ஒன்றைத்தான் விட்டுவிட்டார்கள். விட்டது யார் என்று கேட்டால், வேறு யார், படம் எடுக்க வந்த குமரகுருதான்.

குமரகுருவுக்கு நாற்பத்தொரு வயது. பதினாறு வருஷம் அடுத்தவர் படங்களில் உதவி இயக்குநராக வெயிலில் நின்று கருத்தவன். அவன் அப்பா சங்கரபாண்டி, சங்கரன்கோவிலில் வயர்மேனாக இருந்தவர், ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் கட்டிலை விட்டு இறங்கப் போனவர் அப்படியே போய்விட்டார். அம்மா போனில் கூப்பிட்டபோது குமரகுரு ஒரு பாட்டுக்கு இருநூறு பேரை வரிசையில் நிற்க வைத்துக்கொண்டிருந்தான். "இன்னைக்கு ஷூட்டிங் இருக்கும்மா, முடிச்சிட்டு வந்துர்றேன்" என்றான். "சரிய்யா" என்று அம்மா போனை வைத்தாள். ஷூட்டிங் முடிய மறுநாள் விடிந்துவிட்டது. அவன் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா மகன் கொள்ளி வைத்து, எல்லாரும் தலைக்கு ஊற்றி, வாசலையும் கழுவிவிட்டிருந்தார்கள்; பந்தல் கால் பிடுங்கிய குழிகள் நாலு மட்டும் மிச்சம் இருந்தன. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவனிடம் ஒன்றும் பேசவும் இல்லை. அவனுக்கும் இந்த ஆறு வருஷத்தில் அப்பாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, வராததை நினைத்து நினைத்து அவன் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான்.

அதனால்தான் இந்தப் படம். ஒரு சின்ன ஊரில் ஒரு வயர்மேன் செத்துப்போகிறார், அவ்வளவுதான் கதை. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, தயாரிப்பாளர் கிடையாது. சிநேகிதர்கள் கொடுத்த கேமராவும், போட்ட சோற்றைத் தின்றுவிட்டு வேலை பார்க்க ஒப்புக்கொண்ட ஒன்பது பேரும். படத்தின் நடுவில் ஒரே ஷாட்டாகப் பதினோரு நிமிஷம் இழவு வீடு. தான் பார்க்காமல் விட்ட இழவைத் தானே உட்கார்ந்து எடுத்துப் பார்த்துவிட்டால் அழுகை வந்துவிடும் என்று நினைத்தான். மற்றதெல்லாம் அந்தப் பதினோரு நிமிஷத்துக்குப் போட்ட பந்தல். சொந்த ஊரில் எடுக்க முகம் இல்லாமல்தான் வெம்பூரணிக்கு வந்தான்.

பிணமாகப் படுக்கச் சென்னையிலிருந்து வர வேண்டிய நாடகக்காரருக்கு அன்று பார்த்து வயிற்றுப்போக்கு. பதறிக்கொண்டு டீக்கடைக்கு வந்த குமரகுரு, அங்கே பெஞ்சில் ஜாதகப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஆவுடையப்பனைப் பார்த்து நின்றுவிட்டான். மூக்கு எடுப்பாக, கன்னம் லேசாக ஒட்டி, தூக்கத்தில்கூட யாரிடமோ விடைபெறுகிற முகம். எழுப்பி விஷயத்தைச் சொன்னான்.

"மூஞ்சி நல்லாத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"பதினோரு நிமிஷமும் உங்க மூஞ்சிதான் அண்ணாச்சி."

"முந்நூத்திப் பதினாலு கல்யாணம் முடிச்சு வச்சிருக்கேன். ஒரு கல்யாண வீடியோவுலயும் நம்மள முழுசாக் காட்டுனதில்ல. பந்திக்குப் போகையில முதுகு தெரியும், அதோட சரி" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆவணியில எம் மக செண்பகத்துக்குக் கல்யாணம். முந்நூத்திப் பதினஞ்சாவது. அதுக்கு முன்னாடி இது ஒண்ணும் குறுக்க வந்துராதுல்ல?" என்றார்.

"சினிமாதான அண்ணாச்சி."

மாரிக்கனியிடம் குமரகுரு காலையிலேயே உட்கார்ந்து அப்பாவைப் பற்றி எல்லாம் சொல்லியிருந்தான். கம்பத்தில் ஏறிய பிறகும் கீழே நிற்கிறவர்களோடு பேச்சை நிறுத்தமாட்டார், சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் கோவிலுக்குக்கூடப் போகமாட்டார், ஊர் இருட்டானால் சாப்பாட்டில் பாதியில் எழுந்து போவார் என்று ஒரு மணி நேரம் சொன்னான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சாவுக்கு யார் யார் வந்தாக?" என்றாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

கேமரா ஓடியது. மாரிக்கனி ஆவுடையப்பனின் தலைமாட்டில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஊரு இருட்டுக்கு ஓடிப்போயி வெளக்குப் போட்ட எம் மகராசா,
ஒங்க வீட்டு இருட்டுக்கு ஒரு ஆளத் தேடுனியளா?
கம்பம் ஏறையில காலு நடுங்காத எம் மகராசா,
கட்டிலு எறங்கையில காலு மறந்து போனியளா?"

வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் வேடிக்கையை மறந்து அழ ஆரம்பித்தார்கள். கொட்டுக்காரர்கள் கண்ணைத் துடைக்காமலே அடித்தார்கள். பத்தாவது நிமிஷத்தில், அவன் சொல்லாத ஒன்றை, யாரும் அவளுக்குச் சொல்லியிராத ஒன்றை, மாரிக்கனி தானாக எடுத்தாள்.

"கொள்ளிக்கு நிக்க வேண்டிய தலைப்பிள்ளை எங்கேன்னு
கொட்டுக்காரன் கேக்கானே, நான் என்ன பதில் சொல்ல?"

குமரகுரு மானிட்டருக்குப் பின்னால் நின்றான். அழுகை இப்போது வரும், இப்போது வரும் என்று அவனே தனக்குள் காத்திருந்தான். வரவில்லை. சூரியன் மில் கூரைக்குக் கீழே இறங்கப் பார்ப்பது கண்ணில் பட்டது. "கட்" என்றான்.

அப்போதுதான் தாமஸ் அண்ணன் வந்தார். ஸ்டுடியோ வாசலிலேயே தலை நரைத்த தயாரிப்பு நிர்வாகி. "தம்பி, சிரிப்பு ஷாட் எடுத்துருவோம்" என்றார். பிணமாகப் படுத்தவர் எழுந்து, மாலையைக் கழற்றும் முன்னால், அதே கேமராவைப் பார்த்து வாய்விட்டு ஒரு தடவை சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிக்க வேண்டும். படத்தில் அது வராது, ஆனாலும் எடுக்க வேண்டும். அது அவர்கள் தொழிலில் பழக்கம், எத்தனை பெரிய நடிகர் என்றாலும்.

"அண்ணே, அதெல்லாம் பெரிய கம்பெனிச் சடங்கு. அந்தச் சினிமாவுல இருந்து தப்பிச்சு வந்துதான் நான் இதை எடுக்குறேன். வெயில் எறங்குது, கம்பத்து ஷாட் பாக்கி இருக்கு."

"ஒரு நிமிஷம்தான் தம்பி."

"அந்த ஒரு நிமிஷம் என்கிட்ட இல்லண்ணே."

கேமராவைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் கம்பத்தைப் பார்த்து ஓடினார்கள். ஆவுடையப்பன் மாலையைத் தானே கழற்றி வைத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, ஜாதகப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மாரிக்கனியும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். மாரிக்கனி கிழக்கே போனாள், ஒப்பாரி மேற்கே போனது.

ஆமாம், ஆவுடையப்பனோடு போனது. அவர் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில், பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்கு, மாரிக்கனியின் குரலும் கொட்டும் பெண்களின் அழுகையும் ஒன்று குறையாமல், தலைப்பிள்ளை வரி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி ஊரு இருட்டிலிருந்து ஆரம்பித்து. அவர் குளித்தால் கூடவே நனையாமல் நின்றது, சாப்பிட்டால் கூடவே பசியோடு இருந்தது, படுத்தால் தலைமாட்டுக்கு இறங்கி வந்தது. அவர் மனைவி முதல் வாரம் முழுக்கத் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

வெம்பூரணி நாய்கள் முதல் நாள் எல்லாமும் ஊளையிட்டன, இரண்டாம் நாள் பாதி ஊளையிட்டன, ஐந்தாம் நாள் ஒன்றுகூடத் தலையைத் தூக்கவில்லை. மனிதர்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. டீக்கடைக்காரர் தெருமுனையில் அவர் சத்தம் கேட்டதுமே டீயை ஆற்றித் தயாராக வைத்துவிடுவார், குடித்துவிட்டுச் சீக்கிரம் நகரட்டும் என்று. மினி பஸ் கண்டக்டர், "அண்ணாச்சிக்குக் கடைசி சீட்டு" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைப்பார், கூட்டிய பாட்டையும் மீறி ஒப்பாரி முன் சீட்டு வரைக்கும் வந்து நிற்கும். சத்தம் தாங்கவில்லை என்று யாரோ போட்ட மனுவை விசாரிக்க வந்த ஏட்டு, அவர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து ஒரு சுற்று முழுசாகக் கேட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, போன வருஷம் போன தன் அக்காவை நினைத்து அழுதுவிட்டு, 'சத்தம் அளவாகத்தான் உள்ளது' என்று எழுதிக்கொண்டு போனார். கோவில் கமிட்டி இது தீட்டா இல்லையா என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசியது. செத்தது சினிமாவில் என்பதால் இது அரைத் தீட்டு என்றும், அரைத் தீட்டுக்காரர் கொடிமரம் வரைக்கும் வரலாம், அதைத் தாண்டக் கூடாது என்றும் முடிவு கட்டியது. ஆவுடையப்பன் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று கையைக் கூப்பி, உள்ளே தெரிகிற சின்ன விளக்கைக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

வெளிநாட்டில் செத்த புருஷனைப் பெட்டி மூடியபடியே அடக்கம் பண்ணிய ஒருத்தி, அன்று மூடிய அழுகையைத் திறக்க இடம் இல்லாமல் இருந்தவள், தினமும் வேலை முடிந்து வந்து அவர் வீட்டுக்கு எதிரே முக்காடு போட்டு உட்கார்ந்து அழுதுவிட்டு, "வாரேன் அண்ணாச்சி" என்று எழுந்து போவாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். நிஜமாகவே சாவு விழுந்த வீடுகளில் இருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆவுடையப்பன் போய்ப் பந்தலில் நின்றால் போதும், தனியாகக் கொட்டு வேண்டாம், ஆள் வேண்டாம். செத்தவர் கடைக்காரராக இருந்தாலும் வாத்தியாராக இருந்தாலும் ஒப்பாரி வயர்மேனைத்தான் கூப்பிட்டு அழுதது. அதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. "எல்லாரும் ஏதோ ஒரு கம்பத்துல ஏறுனவுகதானப்பா" என்று சொல்லிக்கொண்டார்கள்.

தரகு மட்டும் போயே போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டால், "நான் வெம்பூரணி ஆவுடையப்பன் பேசறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம், "ஐயையோ, யாருங்க போயிட்டாக?" என்று பதறுவார்கள். பொண்ணு பார்க்கப் போன வீட்டில் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஜாதகப் பை ஆணியில் தொங்கியது. ஆடி மாதம் செண்பகத்தின் மாப்பிள்ளை வீட்டார் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்: "கல்யாணத்துல மாத்தம் இல்ல. பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா மண்டபத்துக்கு நீங்க வர வேண்டாம்."

"நியாயந்தான்" என்றார் ஆவுடையப்பன். முந்நூற்றுப் பதினாலு கல்யாணத்தில் எத்தனையோ நிபந்தனைகளைப் பேசித் தீர்த்தவர் இந்த ஒன்றை அப்படியே ஒப்புக்கொண்டார்.

இது எதுவும் தெரியாமல் குமரகுரு சென்னையில் படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். பதினோரு நிமிஷ ஷாட்டை எடுத்துப் போட்டான். படம் இருந்தது, சத்தம் இல்லை. ஒலிப்பதிவு செய்தவன் தாய் மேல் சத்தியம் பண்ணினான், அன்று காதில் மாட்டிக் கேட்டேன், எல்லாம் பதிவானது என்று. கம்ப்யூட்டரில் அந்தப் பதினோரு நிமிஷத்துக்கு மட்டும் ஒரு நேர்கோடு ஓடியது. மாரிக்கனி வாயைத் திறந்து திறந்து மூடினாள். குமரகுரு அவளுக்குப் போன் போட்டு, ஒரே ஒரு தடவை வந்து பாடிக் கொடுக்கச் சொன்னான். "ஒரு சாவுக்கு ஒரு தடவைதான் தம்பி. ரெண்டாந்தடவை அழுதா அது பாட்டு" என்று வைத்துவிட்டாள். வேறு ஆட்களை வைத்துப் பாடிப் பார்த்தான். நல்ல குரல், நல்ல ஸ்டுடியோ, கேட்டால் சோப்பு விளம்பரம்போல இருந்தது. மூன்று வருஷ வேலை நடுவில் இப்படி ஊமையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான்.

அந்த நேரத்தில்தான் தாமஸ் அண்ணன் போன் பண்ணி ஆவுடையப்பன் சங்கதியைச் சொன்னார். குமரகுரு உடனே ஆவுடையப்பனுக்குப் போன் போட்டான். "சொல்லுங்க தம்பி" என்ற குரலுக்குப் பின்னால் அவனுடைய ஒப்பாரி கேட்டது, முழுசாக, ஒரு வரி குறையாமல். அடுத்த பஸ்ஸில் கிளம்பினான். மனிதரைக் காப்பாற்றக் கிளம்பினான் என்று நினைத்தால் நாம்தான் ஏமாளி. மைக்கோடு கிளம்பினான்.

இரண்டு நாள் ஆவுடையப்பனை நடுவீட்டில் உட்கார வைத்து, தலைக்கு மேலே மைக்கைப் பிடித்துப் பார்த்தான். மைக்கில் அவர் இருமல் விழுந்தது, மில் சங்கு விழுந்தது, தெருவில் போகிற காய்கறி வண்டி விழுந்தது. ஒப்பாரி விழவில்லை. மூன்றாம் நாளும் அவன் மைக்கைத் தூக்கியபோது செண்பகம் அடுக்களையிலிருந்து வந்தாள்.

"சார், எங்கப்பா தலையில இருக்கிறதைப் பிடிச்சிட்டுப் போக வந்தீங்களா, எறக்கி வைக்க வந்தீங்களா?"

குமரகுருவுக்கு அவமானத்தில் காது சுட்டது. மைக்கைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு நேராகத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனான்.

மாரிக்கனி லேபிள் ஒட்டிக்கொண்டே பேசினாள். "அது இவருக்குச் சொன்ன ஒப்பாரி இல்ல தம்பி. ஒங்கப்பாவுக்குச் சொன்னது. அவரு பேரைச் சொல்லி, அவரு வேலையைச் சொல்லி நான் கூப்புட்டேன். எதுக்க ஒருத்தர் படுத்திருக்காரு, இவர்தான் போலன்னு அது ஒக்காந்துக்கிருச்சு. எந்திரிச்சு ஒரு சிரிப்புச் சிரிச்சிருந்தார்னா, 'ஓகோ, இந்தாளு இல்ல'ன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும்ல."

"இப்ப சிரிச்சா போயிருமா?"

"போகும். உரியவுக கிட்டப் போகும்." அப்போதுதான் அவள் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். "ஒங்ககிட்ட வந்தா, சங்கரன்கோவிலுக்குப் போங்க தம்பி. ஒங்கம்மா கையால ஒரு குடம் தண்ணி தலைக்கு ஊத்தச் சொல்லுங்க. அதோட அது அடங்கிரும். எனக்கும் அன்னைக்கு நெஞ்சு ஆறும்."

ஆவணி பிறந்து மூன்றாம் நாள், சாயந்தரம் ஐந்தே காலுக்கு, அதே மில் தெருவில், அதே கட்டிலில், ஆவுடையப்பன் மறுபடி மாலை போட்டுக்கொண்டு படுத்தார். தெரு முழுக்கக் கூட்டம். கேமராவுக்குப் பின்னால் நின்ற குமரகுருவின் மனதில் நல்ல எண்ணமும் கெட்ட எண்ணமும் ஒரே கயிற்றில் முறுக்கிக் கிடந்தன. இந்த மனுஷன் மகள் கல்யாணத்தில் நிற்கட்டும் என்று ஒன்று. ஒப்பாரி என்னிடம் வரட்டும், அது என் படத்தோடது என்று இன்னொன்று. எது பெரிது என்று அவன் பார்க்க விரும்பவில்லை.

ஆவுடையப்பன் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்தார். வாயைத் திறந்தார், பல் தெரிந்தது, சிரிப்பு வரவில்லை. மூன்று மாதம் தலைக்கு மேலே சாவை வைத்துக்கொண்டு சிரிப்பு எங்கேயிருந்து வரும்? ஐந்து தடவை படுத்து எழுந்தார். ஐந்தாவது தடவை கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "முடியல தம்பி, விட்டுருங்க" என்றார்.

அப்போது செண்பகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கேமராவுக்குப் பக்கத்தில் நின்றாள். ஆணியில் தொங்கிய ஜாதகப் பையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கையை ஆட்டி, அச்சு அசல் அப்பாவின் குரலில் ஆரம்பித்தாள்.

"பையன் தங்கமான பையன். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. டீகூடக் குடிக்கமாட்டான். தலை லேசா முன்பக்கம் ஏறியிருக்கும், அது படிச்ச படிப்பு. உயரம் கம்மிம்பாக. அம்மணி, தாலி கட்டக் குனியவா போறான்?"

"அடி கழுத!" என்றார் ஆவுடையப்பன், அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். கண்ணீரோடு, வயிறு குலுங்க, மாலை தோளில் துள்ளத் துள்ளச் சிரித்தார். தெருவே சிரித்தது. சிரிப்பு ஓய்ந்தபோது மில் ஓடுகிற சத்தம் கேட்டது. மூன்று மாதத்துக்கு அப்புறம் அந்தச் சத்தம் அவர் காதில் விழுகிறது. ஒரு மூச்சு நேரம் அவ்வளவுதான், பிறகு கேமராவுக்குப் பின்னாலிருந்து மாரிக்கனியின் குரல் எழும்பியது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குமரகுரு தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. குரல் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

செண்பகத்தின் கல்யாணத்தில் ஆவுடையப்பன் மண்டப வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து வரவேற்றார். வீடியோக்காரரை விரட்டி விரட்டித் தன் முகத்தை எடுக்க வைத்தார். குமரகுருவுக்கும் பத்திரிகை வைத்திருந்தார், கூடவே, "மண்டபத்துக்கு வர வேண்டாம் தம்பி, மனசுல ஒண்ணும் வச்சுக்கிராதீங்க" என்றும் சொல்லியிருந்தார். அவன் காத்திருந்த பஸ் நிறுத்தத்துக்கு இலையில் மடித்துச் சாப்பாடு வந்தது, இரண்டு வகைப் பாயசத்தோடு. ஒப்பாரிக்குக் கீழே உட்கார்ந்து அவன் அதைச் சாப்பிட்டான்.

சங்கரன்கோவில் பஸ்தான் முதலில் வந்தது. படத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிச் சென்னைக்குப் போனான்.

படத்தை அந்தப் பதினோரு நிமிஷம் ஊமையாகவே முடித்தான். வேறு வழி இல்லை. முதல் திரையிடலில், தன் தலைச் சத்தம் தொந்தரவாக இருக்குமே என்று வெளியே நின்றான். உள்ளே இழவுக் காட்சி வந்ததும் ஆட்கள் இருமினார்கள், போனைப் பார்த்தார்கள், இரண்டு பேர் எழுந்து வெளியே வந்தார்கள். பொறுக்க மாட்டாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அவன் தலைக்கு மேலே மாரிக்கனியின் குரல் எழும்பியது, திரையில் மாரிக்கனி வாயைத் திறந்தாள். இரண்டும் நூல் பிசகாமல் பொருந்தின. அரங்கம் உறைந்துபோனது. விளக்குப் போட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் நிற்கவே இல்லை. படம் போகிற ஊருக்கெல்லாம் அவனும் போக வேண்டும். கோயம்புத்தூர், திருவனந்தபுரம், கல்கத்தா. அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்தால்தான் படம் அழும், அவன் ஒரு காட்சிக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் படம் படுத்துவிடும். இந்த ஒலியமைப்பை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள், பரிசு கொடுத்தார்கள். இந்தப் படம் உங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று ஒரு மேடையில் கேட்டார்கள். "சிரிப்பு ஷாட்டை எடுத்துவிட வேண்டும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். விடுதிகளில் அவனுக்கு மாடியில் கடைசி அறை கொடுத்தார்கள். எல்லாரையும் அழ வைத்துக்கொண்டிருந்த அந்தக் குரலுக்கு நேர் கீழே இருந்தும் அவனுக்குக் கண்ணீர் வரவில்லை. மாரிக்கனி இரண்டு தடவை போன் பண்ணி, "அம்மாவைப் பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டாள். "போகணும்க்கா" என்றான்.

ஒரு வருஷம் கழித்துத் திருநெல்வேலியில் ஒரு திரையிடல் முடிந்து திரும்புகிற வழியில், சங்கரன்கோவிலில் பஸ் நின்றபோது, யாரோ தள்ளிவிட்ட மாதிரி இறங்கிவிட்டான். மத்தியான வெயில். அவன் தெருவுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. சங்கரபாண்டிக்கு அழுகிறார்கள் என்று கேட்டவுடனே தெரிந்துகொண்டார்கள். கம்பம், டெஸ்டர், பாதிச் சாப்பாடு, எல்லாம் வந்தது. பெண்கள் வாசலில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

அம்மா வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு ஒரு சுற்று முழுசாக, பதினோரு நிமிஷமும், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். பிறகு உள்ளே போனாள். குடம் தொட்டியில் முங்குகிற சத்தம் கேட்டது. இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் பேசினாள்.

"ஏய்யா, இங்கனயே தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வா. சோறு இருக்கு."

ஒரே ஒரு குடம்தான். ஊற்றிவிட்டால் அடங்கிவிடும், அவன் வீட்டுக்குள் போய் அப்பாவின் படத்துக்கு முன்னால் உட்காரலாம், அழுகைகூட வந்துவிடலாம். ஊற்றிவிட்டால் படம் ஊமையாகிவிடும். அடுத்த புதன்கிழமை கடல் தாண்டி ஒரு பெரிய விழா. அவன் பதினாறு வருஷம் வெயிலில் நின்றது அந்த ஒரு நாளுக்காகத்தான். டிக்கெட் பையில் இருந்தது. குமரகுரு தண்ணீரைப் பார்த்தான், குடத்தின் கனத்தில் நடுங்குகிற அம்மாவின் கைகளைப் பார்த்தான்.

"அம்மா, அடுத்த வாரம் ஒரு படவிழா இருக்கும்மா" என்றான். "முடிச்சிட்டு வந்துர்றேன்."

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவன் காதில் விழுந்தது.

"சரிய்யா" என்றாள் அம்மா. குடத்தைப் படியில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

அவன் திரும்பி நடந்தான். தெரு அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மேலே ஒரு தடவை பார்த்தார், அவனை ஒரு தடவை பார்த்தார்.

"துஷ்டி வீட்டுல இருந்து வர்றீங்களா சார்? ஒரு குடம் தண்ணி ஊத்திட்டு ஏறியிருக்கலாம்ல?"

"ஊத்தணும்" என்றான் குமரகுரு, கடைசி சீட்டைப் பார்த்து நடந்தான்.